எடைக்குப் போட்ட வரலாறு

1999ஆம் ஆண்டு பிரிட்டிஷ் நூலகம் தன் கிடங்கிலிருந்த அயல்நாட்டுச் செய்தித்தாள்களில் பெரும் பகுதியைக் கைவிட முடிவெடுத்தது. அவற்றில் 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து சேர்த்துவைத்த அமெரிக்க நாளிதழ்களும் இருந்தன. மாத வாரியாக, ஆண்டு வாரியாகக் கெட்டி அட்டை போட்டு பைண்டு செய்தவை. மைக்ரோஃபிலிம் இருக்கிறது, கிடங்கில் இடமில்லை, வேறு நூலகங்கள் கேட்டால் கொடுத்துவிடலாம், கேட்காததை விற்றுவிடலாம் என்பது கணக்கு. பலவற்றை எந்த நூலகமும் கேட்கவில்லை. வியாபாரிகள் கேட்டார்கள். ‘நீங்கள் பிறந்த நாளில் வந்த செய்தித்தாள்’ என்று ஒவ்வொரு நாளையும் தனித்தனியாகப் பிரித்துப் பரிசுப்பொருளாக விற்பவர்கள் அவர்கள்.

அந்த வியாபாரிகளோடு போட்டியிட்டு ஏலம் கேட்டவர் நிக்கல்சன் பேக்கர் என்ற அமெரிக்க நாவலாசிரியர். அவர் நூலகர் அல்லர். ஆவணக் காப்பகத்தில் வேலை பார்த்தவரும் அல்லர். ஓய்வுக்காலத்துக்கென்று வைத்திருந்த சேமிப்பை எடுத்து, ஆயிரக்கணக்கான தொகுதிகளை வாங்கி, நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் ரோலின்ஸ்ஃபோர்ட் என்ற சிற்றூரின் பழைய ஆலைக் கட்டடம் ஒன்றில் அடுக்கினார். சேமிப்பு குடும்பத்தினுடையது. அந்த அடுக்குகளைப் பிரித்துப் பார்த்து ஒழுங்குபடுத்திய உழைப்பில் அவருடைய மனைவி மார்கரெட் பிரென்டானோவுக்குச் சம பங்கு உண்டு. 2001இல் பேக்கர் ‘டபுள் ஃபோல்டு’ என்ற நூலை வெளியிட்டார். அமெரிக்க நூலகத்துறை அதைத் தன் மேல் விழுந்த அடியாகவே எடுத்துக்கொண்டது. 2004இல் அந்தச் செய்தித்தாள்கள் டியூக் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன.

நூலகத்தைப் பற்றி நூலகர் அல்லாதவர் பேசலாமா என்ற கேள்வி அன்று எழுந்தது. பெண்கள் வரலாறு படிக்கிற நமக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. ஆவணக் காப்பகங்களுக்கு நாம் நெடுங்காலம் வெளியாட்களாகவே இருந்திருக்கிறோம். எதை வைத்துக்கொள்வது, எதைக் கழிப்பது என்று முடிவெடுத்த மேசைகளில் நமக்கு நாற்காலி இருந்ததில்லை. பேக்கரின் வழக்கை நமக்காக ஒருமுறை திறந்து பார்க்க நினைப்பது அதனால்தான். அவர் கேட்ட கேள்விகளில் நமக்குப் பயன்படுவது எது, அவர் கேட்காமல் விட்டது எது என்று பார்ப்போம்.

காகிதம் பொடியாகும் என்ற பயம்

19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை மேற்கில் காகிதம் பெரும்பாலும் கந்தல் துணியிலிருந்து செய்யப்பட்டது. பிறகு மரக்கூழ் வந்தது. காகிதம் மலிவானது, நாளிதழ்கள் பெருகின. ஆனால் மரக்கூழ்க் காகிதத்தில் அமிலம் உண்டு. நாளாக நாளாக அது மஞ்சளாகி, விளிம்பில் பழுப்பேறி, மடித்தால் ஒடியும். இந்த உண்மையிலிருந்துதான் ஒரு பெரிய பயம் கிளம்பியது. லட்சக்கணக்கான நூல்கள் தாமாகவே பொடியாகிக்கொண்டிருக்கின்றன, படம் எடுத்துக் காப்பாற்றாவிட்டால் எல்லாம் போய்விடும் என்று 1980களில் அமெரிக்காவில் பெரும் பிரச்சாரம் நடந்தது. அரசுப் பணம் வந்தது. 30 லட்சம் தொகுதிகளை மைக்ரோஃபிலிமில் ஏற்றுவது இலக்கு என்றார்கள்.

எது பொடியாகும் நிலையில் இருக்கிறது என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை வைத்தார்கள். பக்கத்தின் மூலையை ஒரு பக்கம் மடித்து அழுத்துவது, பிறகு மறுபக்கம் மடித்து அழுத்துவது. இது ஓர் இரட்டை மடிப்பு. இத்தனை மடிப்புக்குள் மூலை ஒடிந்தால் அந்தப் புத்தகம் நொறுங்கும் புத்தகம். எத்தனை மடிப்பு என்பது நூலகத்துக்கு நூலகம் வேறுபட்டது. பேக்கரின் நூல் பெயர் இந்தச் சோதனையிலிருந்து வந்ததுதான்.

அவர் கேட்டது எளிய கேள்வி. புத்தகத்தை யார் மூலை மடித்துப் படிக்கிறார்கள்? பக்கத்தைப் புரட்டித்தானே படிக்கிறோம்? இந்தச் சோதனையில் தோற்ற ஒரு நூலை எடுத்து, அதன் பக்கத்தைப் பல நூறு முறை புரட்டிப் பார்த்தார். பக்கம் அப்படியே இருந்தது. மடித்தால் ஒடிகிற காகிதம், மடிக்காமல் வைத்திருந்தால் நெடுநாள் வாழும் என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். வெயிலும் ஈரமும் படாமல் வைத்தால் போதும்.

மைக்ரோஃபிலிம் எடுத்த விதத்தையும் அவர் விட்டுவைக்கவில்லை. பக்கங்கள் தட்டையாகப் படுக்க வேண்டும் என்பதற்காகப் பைண்டிங்கின் முதுகை வெட்டினார்கள். படம் எடுத்த பிறகு தனித்தாளாகக் கிடந்ததைத் திரும்பக் கட்டுவதற்குப் பணம் கிடையாது. குப்பைக்குப் போட்டார்கள். எடுத்த படமோ கறுப்பு வெள்ளை. ஜோசப் புலிட்சரின் ‘வேர்ல்ட்’ நாளிதழ் 1890களிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் வண்ணத்தில் அச்சிட்ட சித்திரப் பக்கங்கள் ஃபிலிமில் சாம்பல் நிறக் கறையாக நின்றன. சில பக்கங்கள் விடுபட்டிருந்தன, சில மங்கலாக இருந்தன. சரிபார்க்க மூலம் இல்லை. மார்கரெட் பிரென்டானோவும் பேக்கரும் சேர்ந்து 2005இல் அந்த ஞாயிற்றுக்கிழமைப் பக்கங்களைத் தேர்ந்து வண்ணத்தில் நூலாக வெளியிட்டார்கள். அந்த வண்ணங்களைப் பார்க்கிறவர்கள் எது எறியப்பட இருந்தது என்பதைத் தாங்களே தெரிந்துகொள்ளலாம்.

வேறெங்கோ இருக்கும்

இதில் என்னை அதிகம் உலுக்கியது வேறொன்று. ஒவ்வொரு நூலகமும் தன் பிரதியைக் கழித்தபோது சொன்ன காரணம் ஒன்றேதான்: வேறெங்கோ இருக்கும். சிறிய நூலகம் பெரிய நூலகத்தில் இருக்கும் என்றது. பெரிய நூலகம் ஃபிலிமில் இருக்கிறது என்றது. லண்டன் நூலகம், அமெரிக்க நாளிதழ்தானே, அமெரிக்காவில் இருக்கும் என்றது. அமெரிக்காவில் அதை ஏற்கெனவே கழித்துவிட்டிருந்தார்கள். கூட்டுக் குடும்பத்தில் பால் அடுப்பில் பொங்கி வழிவது இப்படித்தான். யாராவது பார்த்துக்கொள்வார்கள் என்று ஒவ்வொருவரும் நினைத்திருப்பார்கள்.

அந்த ‘வேர்ல்ட்’ நாளிதழில்தான் நெல்லி பிளை எழுதினார். 1887இல் மனநோயாளி போல் நடித்து, பெண்களுக்கான மனநலக் காப்பகத்துக்குள் 10 நாள் இருந்துவிட்டு வந்து, அங்கே நடந்த கொடுமையை எழுதியவர். 1889இல் தொடங்கி 72 நாளில் உலகைச் சுற்றி வந்தவர். இவ்வளவு புகழ்பெற்ற ஒருத்திக்கே என்ன நடந்தது பாருங்கள். புகழின் உச்சியில் அவர் ஒரு கதைத்தாளுக்குத் தொடர்கதைகள் எழுதினார். மலிவுக் காகிதத்தில் வாராவாரம் வந்து, படித்ததும் தூக்கிப் போடப்பட்ட தாள். அந்த நாவல்கள் தொலைந்துவிட்டன என்றே 100 ஆண்டுகளுக்கு மேல் எல்லோரும் எண்ணியிருந்தார்கள். டேவிட் பிளிக்ஸ்ட் என்ற நாவலாசிரியர் 11 நாவல்களைத் தேடிக் கண்டுபிடித்து 2021இல் வெளியிட்டார். அவரும் நூலகர் அல்லர், வெளியாள்தான்.

ஐடா பி. வெல்ஸின் கதை இன்னும் கடுமையானது. மெம்ஃபிஸ் நகரில் அவர் பங்குதாரராக இருந்து நடத்திய ‘ஃப்ரீ ஸ்பீச்’ இதழின் அலுவலகத்தை, கறுப்பினத்தவர் மீதான கும்பல் கொலைகளைக் கண்டித்து எழுதியதற்காக, 1892இல் வெள்ளையர் கும்பல் நாசமாக்கியது. இன்று அந்த இதழின் ஒரு பிரதிகூட எஞ்சியிருப்பதாகத் தெரியவில்லை. கும்பல் அழித்தது அச்சகத்தை. ஆனால் சந்தாதாரர்களின் வீடுகளிலும் ஊர்களிலும் கிடந்த பிரதிகளைச் சேர்த்து வைக்கத் தகுந்தவை என்று அன்றைய நூலகங்கள் நினைக்கவில்லை. வெல்ஸின் எழுத்தில் ஒரு பகுதி நமக்குக் கிடைப்பது மற்ற இதழ்கள் அதை எடுத்துப் போட்டதால். கும்பல் செய்ததும் நூலகம் செய்யாமல் விட்டதும் ஒன்றல்ல. ஆனால் நூறாண்டு கழித்துத் தேடிப் போகிற மாணவிக்கு இரண்டும் ஒரே வெற்றிடமாகத்தான் தெரியும்.

அட்டைகளில் இருந்த கையெழுத்து

பேக்கர் நூலகங்களோடு மோதியது ‘டபுள் ஃபோல்டு’ நூலில் தொடங்கவில்லை. 1994இல் ‘நியூ யார்க்கர்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை நூலட்டைகளைப் பற்றியது. கணினி வந்ததும் அட்டைப் பட்டியல்களை நூலகங்கள் கொண்டாட்டமாகக் குப்பையில் போட்டுக்கொண்டிருந்தன. அந்த அட்டைகளில் இருந்த அறிவு எல்லாமே கணினிக்குப் போகவில்லை என்று அவர் காட்டினார்.

இந்த இடத்தில் பெண்ணிய வாசிப்பு ஒன்றைச் சேர்க்க வேண்டும். அந்த அட்டைகளை எழுதியவர்கள் யார்? மெல்வில் டூயி 1887இல் கொலம்பியாவில் நூலகவியல் பள்ளியைத் தொடங்கியபோது முதல் வகுப்பில் சேர்ந்த 20 பேரில் 17 பேர் பெண்கள். ஆண்களைவிடக் குறைந்த சம்பளத்துக்குப் படித்த பெண்கள் கிடைத்தார்கள் என்பதும் நூலகத் தொழில் பெண்களின் தொழிலானதற்கு ஒரு காரணம். அட்டை எழுதுவதற்கென்றே தெளிவான, ஒரே சீரான கையெழுத்தை அவர்களுக்குப் பயிற்றுவித்தார்கள். தன் கையெழுத்தின் அடையாளமே தெரியாமல் எழுதுவதுதான் அந்தப் பயிற்சியின் வெற்றி. பெண்களிடம் தகாத முறையில் நடந்துகொண்டதற்காக டூயி தம் காலத்திலேயே குற்றம்சாட்டப்பட்டவர். அவர் பெயரிலிருந்த விருதின் பெயரை அமெரிக்க நூலகச் சங்கம் மாற்ற 2019 வரை ஆனது. ஆக, அட்டைகளைக் குப்பையில் கொட்டியபோது போனது நூல் விவரம் மட்டுமல்ல. இந்தப் புத்தகத்தோடு அந்தப் புத்தகத்தையும் பார் என்று பல தலைமுறைப் பெண்கள் சேர்த்துவைத்த குறிப்புகளும் போயின. அவர்கள் எழுதியதை யாரும் எழுத்தாக எண்ணவில்லை.

வெளியாள் என்றும் உள்ளாள் என்றும் கோடு போட்டுப் பிரிப்பதும் அவ்வளவு எளிதல்ல. சான் ஃபிரான்சிஸ்கோவில் 1996இல் புதிய தலைமை நூலகம் திறந்தபோது, இடமாற்றத்தில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட புத்தகங்கள் குப்பைமேட்டுக்குப் போயின என்று பேக்கர் குற்றம்சாட்டினார். நூலக நிர்வாகம் அந்த எண்ணிக்கையை மறுத்தது. அவருக்கு அந்த விஷயத்தை எடுத்துச்சொன்னவர்கள் அந்த நூலகத்தின் ஊழியர்களே. கழிக்க வேண்டிய புத்தகங்களை ஒளித்துவைத்துக் காப்பாற்றியவர்கள் அவர்களில் இருந்தார்கள். உள்ளே இருப்பவருக்குத் தெரியும், ஆனால் சொல்ல முடியாது. வெளியே இருப்பவரால் சொல்ல முடியும், ஆனால் உள்ளே இருப்பவர் காட்டாவிட்டால் எதுவும் தெரியாது.

நூலகத்துறையின் பதிலையும் கேட்க வேண்டும். பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரிச்சர்ட் காக்ஸ் 2002இல் பேக்கருக்கு மறுப்பாக ஒரு நூலே எழுதினார். எல்லாவற்றையும் யாராலும் வைத்துக்கொள்ள முடியாது, தேர்ந்தெடுப்பதுதான் ஆவணக் காப்பாளரின் தொழில், செய்தித்தாள் பக்கத்தின் மீது காதல் கொண்ட ஓர் எழுத்தாளருக்கு அந்தப் பாரம் புரியாது என்பது அவர் தரப்பு. அதில் நியாயம் இருக்கிறது. கழிக்காத நூலகம் நாளடைவில் கிட்டங்கி ஆகிவிடும். இடத்துக்கும் ஆளுக்கும் பணம் யார் தருவது என்று வெளியாட்கள் யோசிப்பதில்லை. ஆனால் தேர்வுதான் தொழில் என்றால், எந்த அளவுகோலால் தேர்கிறீர்கள் என்று கேட்பதற்கு எல்லோருக்கும் உரிமை இருக்கிறது. அளவுகோலைப் பார்ப்போம்.

யாரும் எடுக்காத புத்தகம்

1970களில் டெக்சஸ் மாநிலத்தில் உருவாகி, பிறகு உலகின் பல பொது நூலகங்களுக்குப் பரவிய ஒரு கழிப்பு முறை உண்டு. கழிக்கத் தகுந்த புத்தகத்துக்கு அது சொல்லும் அடையாளங்கள் ஆறு: தவறான தகவல் தருவது, பார்க்க அசிங்கமாகிவிட்டது, புதியது வந்ததால் காலாவதியானது, அற்பமானது, இந்த வட்டாரத்து வாசகருக்குத் தேவைப்படாதது, வேறெங்கோ கிடைக்கக்கூடியது. பழைய மருத்துவக் கையேட்டையும் போன பத்தாண்டின் கணினிப் பாடநூலையும் எடுத்துப்போட இது நல்ல வழி. இதை உருவாக்கியவர்கள் கிளை நூலகங்களை மனத்தில் வைத்துத்தான் உருவாக்கினார்கள். சிக்கல், இதே கண்ணோடு பழைய அச்சைப் பார்க்கும்போது வருகிறது. அசிங்கம், அற்பம், தேவையில்லை. பெண்கள் எழுதியதைப் பற்றி விமர்சகர்கள் சொல்லிவந்த சொற்கள் இவை. சமையல் குறிப்பு, கோலப் புத்தகம், தாலாட்டுத் தொகுப்பு, தொடர்கதை, வாசகியர் கடிதம் எல்லாம் இந்தச் சொற்களுக்குள் அடங்கிவிடும்.

இதோடு இன்னொரு கணக்கு சேர்ந்துகொள்கிறது. கடைசியாக எப்போது கடன் கொடுக்கப்பட்டது? இத்தனை ஆண்டாக யாரும் எடுக்கவில்லையென்றால் கழி. இந்தக் கணக்கு வட்டமாகச் சுழல்வதைப் பாருங்கள். ஒரு பெண்ணின் நாவல் பாடத்திட்டத்தில் இல்லை, அதனால் யாரும் அதை எடுப்பதில்லை. யாரும் எடுக்காததால் கழிக்கப்படுகிறது. கழிக்கப்பட்டதால் ஆய்வுக்குக் கிடைப்பதில்லை. ஆய்வு இல்லாததால் பாடத்திட்டத்துக்கு வருவதில்லை. கடைசியில், அந்தக் காலத்தில் பெண்கள் அதிகம் எழுதவில்லை என்று நம் வகுப்பறையில் ஒருவர் சொல்வார். அவர் பொய் சொல்லவில்லை. அவர் கைக்கு எதுவும் கிடைக்கவில்லை.

2016இல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் ஒரு பொது நூலக ஊழியர்கள், இல்லாத வாசகர் ஒருவரை உருவாக்கினார்கள். பொய்ப் பெயரில், பொய் முகவரியில் உறுப்பினர் அட்டை. அந்த வாசகர் அந்த ஆண்டில் 2,300க்கும் மேற்பட்ட புத்தகங்களைக் ‘கடன் வாங்கினார்’. கணினி கழிக்கச் சொல்லும் புத்தகங்களைக் காப்பாற்ற அது ஒரு வழி. விவரம் வெளியே வந்து விசாரணை நடந்தது. செய்தது விதிமீறல்தான். ஆனால் ஒரு புத்தகம் அலமாரியில் நிற்பதற்குப் பொய் வாசகர் ஒருவர் தேவைப்பட்டார் என்பதில் அந்தக் கணக்கின் லட்சணம் தெரிகிறது.

முனைவர் பட்ட ஆய்வுக் காலத்தில் நான் ஒரு பழைய நூலகத்துக்குப் பெண்கள் இதழ் ஒன்றைத் தேடிப் போனேன். நூலகத்தின் பெயர் இங்கே வேண்டாம். சேர்க்கைப் பதிவேட்டில் இதழின் பெயர் இருந்தது. தொகுதி எண்களும் இருந்தன. எல்லாவற்றின் மேலும் சிவப்பு மையில் ஒரு நீண்ட கோடு. ஓரத்தில் ‘கழிக்கப்பட்டது’ என்ற ஒரு சொல்லும் ஒரு சுருக்கொப்பமும். எந்த ஆண்டு, யார் முடிவு, எங்கே போனது என்று எதுவும் இல்லை. அங்கிருந்த நூலகர் அம்மாவிடம் கேட்டேன். “வேற எங்க போயிருக்கும்? எடைக்குத்தாம்மா போட்டிருப்பாங்க” என்றார். அவர் குரலில் அலட்சியம் இல்லை. அவர் வேலைக்கு வருவதற்கு முன்பே நடந்து முடிந்தது அது. பழைய பேப்பர் கடையில் எடை போடும்போது எல்லாக் காகிதமும் ஒரே விலைதான். யார் எழுதினார்கள் என்று தராசு கேட்பதில்லை. ஆனால் எந்தக் கட்டு முதலில் தராசுக்குப் போகும் என்பதை அதற்கு முன்பே யாரோ கேட்டு முடித்திருக்கிறார்கள்.

வை.மு. கோதைநாயகி 1925இல் ‘ஜகன்மோகினி’ இதழைப் பொறுப்பேற்று ஏறத்தாழ 35 ஆண்டுகள் நடத்தினார். 115 நாவல்கள் எழுதினார். பள்ளிக்கே போகாதவர். தம் முதல் படைப்பான ‘இந்திரமோகனா’ நாடகத்தைச் சொல்லச் சொல்லத் தோழி ஒருத்தி எழுதினாள். அவ்வளவு வாசகியர் கையில் புரண்ட இதழ் இன்று முழு வரிசையாக ஒரே இடத்தில் கிடைப்பது அரிது. அவரை இலக்கியவாதி என்று விமர்சகர்கள் எண்ணவில்லை, ஆகவே அவர் இதழைக் காக்கவேண்டிய ஒன்றாக நிறுவனங்கள் எண்ணவில்லை. டெக்சஸ் கைநூலைப் படிக்காமலேயே நம் ஊரில் அதன் நான்காம் அடையாளத்தைக் கடைப்பிடித்திருக்கிறார்கள்.

வெளியிலிருந்து சேர்த்தவர்கள்

பேக்கருக்கு 60 ஆண்டுகளுக்கு முன்பே இதைச் சொன்னவர் ஒரு பெண். வரலாற்றாசிரியர் மேரி ரிட்டர் பியர்ட் எந்தப் பல்கலைக்கழகத்திலும் பதவி வகிக்காதவர். ஆவணம் இல்லாவிட்டால் பெண்களுக்கு வரலாறு இல்லை என்று உறுதியாக நம்பினார். ஹங்கேரியைச் சேர்ந்த அமைதிப் போராளி ரோசிகா ஷ்விம்மரின் யோசனையை ஏற்று 1935இல் பெண்களுக்கான உலக ஆவண மையம் ஒன்றைத் தொடங்கினார். கடிதங்கள், நாட்குறிப்புகள், சங்கங்களின் கணக்குகள், துண்டறிக்கைகள் என்று பரண்களிலிருந்து சேகரிப்பது திட்டம். பணமில்லாமலும் உள்வேறுபாடுகளாலும் 1940இல் மையம் மூடப்பட்டது. ஆனால் அந்த முயற்சியால் விழித்துக்கொண்ட பெண்கள் கல்லூரிகள் அடுத்த சில ஆண்டுகளில் தங்கள் தொகுப்புகளைத் தொடங்கின. ஸ்மித் கல்லூரியிலும் ராட்கிளிஃபிலும் இன்று இருக்கும் பெரும் பெண்கள் ஆவணத் தொகுப்புகள் 1940களில் வேர்விட்டவை.

இன்னொருவர் மரியன் ஸ்டோக்ஸ். பிலடெல்பியாவைச் சேர்ந்த கறுப்பினப் பெண். பொது நூலகத்தில் நூலகராக இருந்து, இடதுசாரி அரசியலில் ஈடுபட்டதால் 1960களின் தொடக்கத்தில் வேலையை இழந்தவர். தொலைக்காட்சி நிலையங்கள் தங்கள் பழைய நாடாக்களை அழித்து, மேலேயே மறுபடி பதிவு செய்வது வழக்கம். நேற்று செய்தியில் என்ன சொன்னார்கள் என்று நாளை யாரும் நிரூபிக்க முடியாது என்பது அவர் கவலை. 1979இல் ஈரான் பணயக் கைதிகள் விவகாரம் தொடங்கியபோது வீட்டில் பதிவுக் கருவியை இயக்கியவர், 2012இல் இறக்கும்வரை இரவு பகலாகப் பல அலைவரிசைகளைப் பதிவு செய்தார். ஏறத்தாழ 70,000 நாடாக்கள். நாடா தீரும் நேரத்துக்கு வீட்டுக்கு ஓடிவர வேண்டும் என்பதால் குடும்பமே அந்தக் கடிகாரத்துக்கு வாழ்ந்தது. பைத்தியக்காரத்தனம் என்று பார்த்தவர்கள் உண்டு. இன்று அந்த நாடாக்கள் இணைய ஆவணக் காப்பகத்திடம் இருக்கின்றன. நூலகத்துக்குள்ளிருந்து வெளியே தள்ளப்பட்டவர், வெளியிலிருந்து நூலகரின் வேலையைச் செய்தார்.

நமக்கும் இப்படியொருவர் உண்டு. செட்டிநாட்டுக் கோட்டையூரில் ரோஜா முத்தையா தம் வீட்டையே புத்தகங்களாலும் இதழ்களாலும் நிரப்பியிருந்தார். நாடக நோட்டீஸ், கல்யாணப் பத்திரிகை, விளம்பரத் தாள் என்று யாரும் மதிக்காததையும் விடவில்லை. 1992இல் அவர் மறைந்த பிறகு சிகாகோ பல்கலைக்கழகம் தொகுப்பை வாங்கியது. 1994இல் அது சென்னையில் ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகமானது. பேக்கரின் கதையோடு இதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். இங்கேயும் மைக்ரோஃபிலிம்தான் எடுத்தார்கள், பணமும் அமெரிக்காவிலிருந்துதான் வந்தது. ஆனால் மூலங்கள் சென்னையிலேயே இருக்கின்றன. ஆக, படம் எடுத்தால் மூலத்தைக் கழித்துத்தான் ஆகவேண்டும் என்பது தொழில்நுட்பத்தின் விதி அல்ல. அது மனிதர்கள் எடுத்த முடிவு. இன்று மைக்ரோஃபிலிம் இருந்த இடத்தில் ஸ்கேனர் இருக்கிறது. ‘டிஜிட்டல் ஆக்கியாச்சே, காகிதம் எதற்கு’ என்று யாராவது கேட்கும்போது நினைவில் வைக்க வேண்டியது இதுதான்.

எழுத்தாளர் அம்பை, ஆய்வாளர் சி.எஸ். லட்சுமியாக, நீரா தேசாய், மைத்ரேயி கிருஷ்ணராஜ் ஆகியோருடன் 1988இல் மும்பையில் ‘ஸ்பாரோ’ என்ற பெண்கள் ஆவணக் காப்பகத்தைத் தொடங்கினார். காகிதத்தில் இல்லாததைக் குரலாகவும் படமாகவும் பதிவுசெய்யலாம் என்ற எண்ணத்தில் எழுந்தது அது. எழுதப்படாதவர்களிடம் போய் உட்கார்ந்து கேட்பதும் ஆவணப்படுத்தல்தான் என்று நமக்குக் காட்டியது.

நாம் என்ன கேட்கலாம்

எதையும் எறியாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. அப்படிச் சொல்பவர் ஒருநாளும் ஓர் அலமாரியைத் தூசி தட்டியிருக்கமாட்டார். நூலகத்திடம் நாம் மூன்று விஷயங்கள் கேட்கலாம். முதலாவது, ‘வேறெங்கோ இருக்கும்’ என்று எழுதும் முன் அந்த வேறெங்கின் பெயரை எழுதுங்கள். எந்த ஊர், எந்த நூலகம், எந்த அலமாரி என்று உறுதிசெய்த பிறகு கழியுங்கள். இரண்டாவது, கழித்தவற்றின் பட்டியலைக் கழிக்காதீர்கள். பெயர், ஆண்டு, எங்கே போனது, யார் முடிவு என்ற நான்கு வரி இருந்தால், தேடி வருகிற பெண்ணுக்கு அது ஒரு தடயமாவது ஆகும். மூன்றாவது, முடிவெடுக்கும் மேசையில் வெளியாட்களுக்கும் இடம் கொடுங்கள். ஒரு வரலாற்று மாணவி, ஓர் எழுத்தாளர், அந்த ஊரின் வயதான வாசகி ஒருத்தி. கணினிக்குத் தெரியாதது அவர்களுக்குத் தெரிந்திருக்கும்.

நம் வீட்டிலும் ஒரு வேலை இருக்கிறது. அப்பாவின் பட்டா, தாத்தாவின் பத்திரம் எல்லாம் பீரோவில் பத்திரமாக இருக்கும். அம்மாவின் கணக்கு நோட்டு, பாட்டியின் சீட்டுக்கட்டுப் புத்தகம், அத்தை பைண்டு செய்துவைத்த தொடர்கதைகள் போகியன்று வெளியே வரும். அவற்றில் ஆண்டும் பெயரும் எழுதி வையுங்கள். வைத்துக்கொள்ள இடமில்லையென்றால் அவற்றை ஏற்கும் நூலகத்தைத் தேடிக் கொடுங்கள்.

பெரும்பாலான கல்லூரி நூலகங்களில் கழிக்கும் புத்தகங்களுக்கு ஒரு பட்டியல் தயாராகும். அது குழுவுக்கு வரும், கையெழுத்தாகும், கோப்புக்குள் போகும். வரிக்கு வரி யாரும் படிப்பதில்லை. அடுத்த முறை உங்கள் கல்லூரியில் அந்தப் பட்டியல் தயாராகும்போது, கேட்டு வாங்கி, முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒருமுறை படித்துப் பாருங்கள்.